நாற்பதா, எண்பதா? பழைய சிஸ்டத்தில் டிவிடி டிரைவ் மாட்ட எந்த கேபிள்?

முடிச்சூர் வாணி | சனி இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். நான் ஹார்டுவேர் ஆள் கிடையாது, திட்டாமல் படியுங்கள்.

அப்பாவிடம் 2003-ல் அசெம்பிள் செய்த சிஸ்டம் ஒன்று இருக்கிறது. பென்டியம் 4, இன்டெல் 845 போர்டு, 40 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது ஃபிரிட்ஜை விட்டுவிட்டு இதைத்தான் பரணில் ஏற்றினார். வாத்தியாராக இருந்தபோது அடித்த கேள்வித்தாள், கட்டுரை எல்லாம் பாமினி எழுத்துருவில் இதற்குள் கிடக்கின்றன. வேறு கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் கொத்து பரோட்டா ஆகிவிடும் என்று ஒரே பிடிவாதம்.

இப்போது சித்தி வீட்டில் அக்கா கல்யாண டிவிடி கிடைத்திருக்கிறது. எங்கள் லேப்டாப் எதிலும் டிரைவ் இல்லை. அப்பா சிஸ்டத்தில் இருப்பது வெறும் சிடி டிரைவ், டிவிடியைப் போட்டால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்புகிறது. சரி, இதை மாற்றிவிடலாம் என்று ரிச்சி தெருவுக்குப் போய் பழைய ஐடிஇ (பட்டை கேபிளில் மாட்டும் அந்தக் கால ரகம்) டிவிடி ரைட்டர் ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கினேன். ஹார்டு டிஸ்க் கேபிளும் கொஞ்சம் மோசமாக இருந்ததால் அதையும் கேட்டேன்.

கடைக்காரர் தலையைத் தூக்காமலே "நாப்பதா, எண்பதா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். பையில் இருந்த பழைய கேபிளை எடுத்து ஓட்டைகளை எண்ணினேன். 39 இருந்தது, ஒன்று அடைபட்டிருந்தது. "நாற்பது" என்றேன். 60 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு சாம்பல் நிற கேபிளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதே கேபிளின் கடைசியில் ஹார்டு டிஸ்க், நடுவில் டிவிடி என்று மாட்டினேன். ஒன்றை மாஸ்டர் (முதல் டிரைவ்), மற்றதை ஸ்லேவ் (இரண்டாவது) என்று ஜம்பரும் (டிரைவின் பின்னால் பின்களில் செருகும் குட்டித் தொப்பி) வைத்தேன். இரண்டும் தெரிகின்றன. ஆனால் எக்ஸ்பி திறக்கப் பத்து நிமிடம் ஆகிறது, மவுஸ் நகர்வதே தவணை முறையில்தான். டிவிடி படம் நாலு வினாடி ஓடி நாலு வினாடி நிற்கிறது. அப்பா என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. எங்கே தப்பு?

பைனரி பையன் | சனி இரவு 9:20

அக்கா, தப்பு 2003-ல் இருக்கிறது. யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி லேப்டாப்பில் செருகுங்கள். கல்யாணம் ஓடும். பழைய பெட்டியைக் காயலான் கடையில் போடுங்கள்.

கம்பிக்காரர் | சனி இரவு 9:41

தம்பி, படம் பார்க்க யுஎஸ்பி டிரைவ் நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அவர் அப்பாவின் சிஸ்டம் நேற்று வரை ஓடியது, இன்று படுத்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு வேறு டிரைவ் வாங்கினால் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது?

வாணி, கடைக்காரர் கேட்டது ஓட்டைக் கணக்கு இல்லைம்மா, கம்பிக் கணக்கு. ஐடிஇ கேபிள் எதுவாக இருந்தாலும் பிளக்கில் 40 இடம்தான். 20-வது இடத்தில் பின் இருக்காது, திருப்பி மாட்டாமல் இருக்க அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள், அதனால்தான் உனக்கு 39 வந்தது. வித்தியாசம் எல்லாம் நடுவில் போகும் பட்டையில் இருக்கிறது. ஒன்றில் 40 கம்பி, இன்னொன்றில் 80 கம்பி. இரண்டுக்கும் அகலம் ஒன்றே, பிளக்கும் ஒன்றே. அதனால் எந்த போர்டிலும் எந்த டிரைவிலும் இரண்டும் சொகுசாக உட்கார்ந்துவிடும். தப்பான கேபிள் மாட்டாமல் அடம் பிடித்தால் பரவாயில்லை, இது மாட்டிக்கொண்டு அடம் பிடிக்கும்.

எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். கேபிளைக் குறுக்காகப் பிடித்து நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார். 40 என்றால் சீப்பின் மேல் நகம் போவது மாதிரி கரகரவென்று ஒவ்வொரு மேடாகத் தட்டும். 80 என்றால் பட்டுப் புடவை ஜரிகை மேல் போவது மாதிரி, ரொம்ப சன்னமான வரி. ஒருமுறை தொட்டவன் பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொல்வான். இன்னொரு அடையாளம் பிளக் நிறம். 80 கம்பியில் ஒரு முனை நீலம், நடுவில் சாம்பல், மறு முனை கறுப்பு இருக்கும். 40 கம்பியில் பெரும்பாலும் மூன்றும் ஒரே நிறம்.

படம் எடுத்துப் போடு.

முடிச்சூர் வாணி | சனி இரவு 10:03

நகம் வைத்துப் பார்த்தேன் அண்ணா. சீப்புதான். மூன்றும் கறுப்பு பிளக். பழைய, அந்த மோசமான கேபிளை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு முனை நீலம், வரி ரொம்ப சன்னம். ஆக இருந்தது எண்பது, வாங்கி வந்தது நாற்பது. கடைக்காரர் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று. சிஸ்டம் போட்டவுடன் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து போகிறது. மூன்று முறை போட்டு மொபைலில் வீடியோ எடுத்துப் பிடித்தேன். "பிரைமரி ஐடிஇ சேனல் நோ 80 கண்டக்டர் கேபிள் இன்ஸ்டால்டு".

கம்பிக்காரர் | சனி இரவு 10:08

பார்த்தாயா, அதுவே வாய் திறந்து சொல்கிறது.

பைனரி பையன் | சனி இரவு 10:11

ஒரு நிஜமான சந்தேகம். ஓட்டை 40 என்றால் மீதி 40 கம்பி எங்கே போய் முடிகிறது? சும்மா அலங்காரமா?

உப்புக்காற்று | சனி இரவு 10:50

திருவான்மியூரிலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

அந்த மீதி 40-உம் கிரவுண்டு கம்பிகள். பிளக்குக்குள்ளேயே, ஏற்கெனவே இருக்கும் கிரவுண்டு பின்களோடு சேர்ந்துவிடும். ஒரு சிக்னல் கம்பி, பக்கத்தில் ஒரு கிரவுண்டு, பிறகு அடுத்த சிக்னல், மறுபடி கிரவுண்டு என்று மாறி மாறிப் போகும். வகுப்பில் ஓயாமல் பேசும் இரண்டு பையன்களுக்கு நடுவில் வாத்தியார் ஒரு பேசாத பையனைக் கொண்டுவந்து உட்கார வைப்பாரே, அந்த வேலை. கம்பிகள் ஒட்டி ஒட்டிப் போகும்போது ஒன்றில் ஓடும் சிக்னல் பக்கத்துக் கம்பியிலும் கொஞ்சம் கேட்கும். மெதுவாக அனுப்பும் காலத்தில் இது பொருட்டே இல்லை. வேகம் ஏற ஏற, கேட்டது யார் பேச்சு என்று தெரியாமல் குழம்பிவிடும்.

கணக்கு இதுதான். நொடிக்கு 33 எம்பி, அதாவது அல்ட்ரா டிஎம்ஏ என்ற வேக முறையில் மோட் 2 வரைக்கும் 40 கம்பி தாங்கும். அதற்கு மேலே 44, 66, 100, 133 எல்லாவற்றுக்கும் 80 கம்பி கட்டாயம். உங்கள் 845 போர்டும் அந்தக் காலத்து 40 ஜிபி டிஸ்கும் 100-ல், அதாவது மோட் 5-ல், பேசக்கூடியவை.

எந்த கேபிள் என்று போர்டுக்கு எப்படித் தெரிகிறது என்பது ரசமான விஷயம். 80 கம்பி கேபிளின் நீல பிளக்கில் மட்டும் 34-வது பின்னை கிரவுண்டோடு இணைத்திருப்பார்கள். போர்டு அந்தப் பின்னைத் தொட்டுப் பார்க்கும். கிரவுண்டு இருந்தால் எண்பது, இல்லையென்றால் நாற்பது. நாற்பது என்று முடிவு செய்தால் டிஸ்க் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் 33-க்கு மேல் விடாது. இதனால்தான் நீல முனையை போர்டில்தான் மாட்ட வேண்டும் என்பது. தலைகீழாக, கறுப்பு முனையை போர்டில் மாட்டினால், கையில் இருப்பது எண்பது கேபிளாகவே இருந்தாலும் போர்டு அதை நாற்பது என்றே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் வாணி, உங்கள் கதையில் எனக்கு ஒன்று உதைக்கிறது. 33-க்கு இறங்கினால் சிஸ்டம் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். 2003 டிஸ்க் எப்படியும் நாற்பது ஐம்பது எம்பிதான் படிக்கும். பத்து நிமிடம் ஆகாது. மவுஸ் தவணையில் நகராது. டிவிடி படம் ஓட நொடிக்கு ஒன்றரை எம்பி கூடத் தேவையில்லை, அதுவும் நிற்கிறது என்கிறீர்கள். நாற்பது கம்பி மேல் மட்டும் இந்தப் பழியைப் போட முடியாது. பழைய கேபிள் "கொஞ்சம் மோசம்" என்று எழுதியிருந்தீர்களே. என்ன மோசம்?

முடிச்சூர் வாணி | சனி இரவு 11:15

சொல்ல வெட்கமாக இருக்கிறது சார்.

போன வாரம் தூசி தட்டுகிறேன் என்று ஹார்டு டிஸ்க் கேபிளைக் கழற்றினேன். பிளக்கைப் பிடிக்காமல் பட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். டப் என்று சத்தம், பிளக்கின் மேல்மூடி ஒரு ஓரத்தில் திறந்துகொண்டது. பயந்துபோய் விரலால் அழுத்தி மூடித் திரும்ப மாட்டினேன். ஓடியது. இரண்டு நாள் கழித்து அப்பா "என்னம்மா, இது நடக்கவே மாட்டேன் என்கிறதே" என்றார். அதற்காகத்தான் கேபிளே வாங்கப் போனேன். டிவிடி டிரைவ் வருவதற்கு முன்பே மெதுவாகத்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

உப்புக்காற்று | சனி இரவு 11:32

வெட்கம் எதற்கு, அகப்பட்டுவிட்டதே! அந்த மூடிக்குள் கத்தி மாதிரி பற்கள் வரிசையாக இருக்கும், அவைதான் பட்டையைக் குத்திக் கம்பியைத் தொடுகின்றன. 80 கம்பி ரொம்பச் சன்னம் என்பதால் மூடி லேசாக நகர்ந்தாலே சில பற்கள் விட்டுப்போகும். அழுத்தினால் ஒட்டும், சூடேறினால் விடும். தகவல் பழுதாகப் போய்ச் சேர்ந்தால் டிஸ்கும் போர்டும் சரிபார்த்து மறுபடி அனுப்பும். எக்ஸ்பி இதை எண்ணிக்கொண்டே இருக்கும். இப்படி ஆறு தடவை பிழை வந்தால் ஒரு படி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மறுபடி ஆறு என்றால் இன்னொரு படி. இப்படியே இறங்கிக் கடைசியில் பிஐஓ என்ற ஆதிகால முறைக்குப் போய்விடும்.

பிஐஓவில் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் பிராசஸரே கையால் சுமக்க வேண்டும். முதலாளியே மூட்டை தூக்கினால் கல்லாவில் யார் இருப்பது? அதுதான் உங்கள் மவுஸ் நகராதது. டிவிடி படத்தைப் பிரித்துக் காட்டவும் அதே பிராசஸர்தான் வேண்டும், அதனால் படமும் நிற்கிறது.

கொடுமை என்னவென்றால், கேபிளை மாற்றினாலும் எக்ஸ்பி பழைய கோபத்தை மறக்காது. அதுவாகத் திரும்ப மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐடிஇ கன்ட்ரோலர்கள் என்ற கிளையில் பிரைமரி ஐடிஇ சேனலை இரட்டைச் சொடுக்கு செய்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தில் கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட் என்ன என்று பாருங்கள்.

முடிச்சூர் வாணி | சனி இரவு 11:58

திறக்கவே ஆறு நிமிடம் ஆனது. "பிஐஓ மோட்" என்று இருக்கிறது!!

கம்பிக்காரர் | ஞாயிறு காலை 6:35

சார் வந்த பிறகு நான் வாயை மூடிக்கொள்கிறேன். இருபது வருடம் சர்வீஸ் பார்த்தேன், கேபிளை மாற்றிவிட்டு "இன்னும் ஸ்லோதான்" என்று வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவந்தால் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் இந்த மோட் தானாகச் சரியாகியிருக்கும் என்பது இன்றைக்குத்தான் உறைக்கிறது. எத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமை போயிற்றோ.

வாணிம்மா, இன்று ஞாயிறு, ரிச்சி தெருவில் முக்கால்வாசி கடை மூடியிருக்கும், அலையாதே. நாளை போ. புதுக் கடை, கண்ணாடிக் கதவு போட்ட கடையில் எல்லாம் கேட்காதே, அவர்கள் ஐடிஇக்குப் பிறகு வந்த சாட்டா ரகம் தவிர எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். சந்துக்குள் பழைய போர்டுகளை அடுக்கி வைத்திருக்கும் ஆட்களிடம் "எண்பது கம்பி, நீல முனை" என்று கேள். வாங்கும்போதே நகம் வைத்துப் பார். மடித்த தழும்பு இருந்தால் வேண்டாம். பிளக் மேல்மூடியின் இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

ஒன்றே போதும். உன் போர்டில் இரண்டு ஐடிஇ இடம் இருக்கிறது. முதலாவதில் எண்பது போட்டு ஹார்டு டிஸ்க் மட்டும். இரண்டாவதில் நீ வாங்கிய அந்த நாற்பதையே போட்டு டிவிடி. 60 ரூபாய் வீணாகாது.

முடிச்சூர் வாணி | ஞாயிறு காலை 7:10

டிவிடிக்கு நாற்பது போதுமா அண்ணா? அதுவும் மெதுவாகிவிடாதா?

உப்புக்காற்று | ஞாயிறு காலை 8:02

போதும். டிவிடியின் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்குச் சுமார் 1.38 எம்பி. 16 மடங்கு டிரைவ் என்றாலும் 22 எம்பிதான். நாற்பது கம்பி 33 வரை தாங்குகிறது. அதனால்தான் அந்தக் கடைக்காரர் எண்பதைத் திணிக்காமல் கேட்டிருக்கிறார். டிவிடி மட்டும் மாட்டுபவருக்கு நாற்பது சரியான பதில்.

இரண்டையும் ஒரே கேபிளில் போடாமல் பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவ்தான் பேச முடியும். டிவிடியிலிருந்து டிஸ்குக்குக் காப்பி எடுக்கும்போது ஒருவர் படிக்க இன்னொருவர் காத்திருக்க வேண்டும். கல்யாண வீடியோவைக் காப்பி எடுக்காமல் விடமாட்டீர்கள்தானே.

ஒரே டிரைவ் மாட்டும்போது கேபிளின் கடைசி பிளக்கில் மாட்டுங்கள். நடுவில் மாட்டிவிட்டு மீதி வாலைத் தொங்கவிட்டால் சிக்னல் அந்த முனை வரை போய் எதிரொலித்துத் திரும்பும்.

பெரம்பூர் ரவுண்டு | ஞாயிறு காலை 9:27

பட்டை கேபிள் எல்லாம் காற்றோட்டத்தை அடைக்கும். ரவுண்டு கேபிள் போடுங்கள் சிஸ்டர். என்னிடம் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி எல்லாம் இருந்தது. கறுப்பு, சிவப்பு, இருட்டில் மின்னுகிற பச்சை. கேபினெட் பக்கவாட்டில் கண்ணாடி போட்டு நியான் விளக்கு வைத்த காலம். பக்கத்துத் தெருப் பையன்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

உப்புக்காற்று | ஞாயிறு காலை 9:55

அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்ன பேசாத பையனை நினைத்துப் பாருங்கள். பட்டையில் அவன் இரண்டு பேருக்கு நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறான். கம்பிகளைக் கீறிப் பிரித்துக் கட்டாகக் கட்டி உருளைக்குள் திணித்தால் யார் பக்கத்தில் யார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நல்ல தயாரிப்பில் சிக்னலையும் அதன் கிரவுண்டையும் சேர்த்தே முறுக்கியிருப்பார்கள். மலிவானதில் அது கிடையாது.

அப்புறம் மூன்று அடி! ஐடிஇ கேபிளுக்கு 18 அங்குலம்தான் எல்லை, சுமார் 46 சென்டிமீட்டர். உயரமான கேபினெட்டில் எட்டவில்லை என்றால் கேபிளை நீட்டக்கூடாது, டிஸ்கைத்தான் மேல் தட்டுக்கு ஏற்ற வேண்டும்.

பெரம்பூர் ரவுண்டு | ஞாயிறு காலை 10:04

அந்த மூன்று அடி கேபிள் போட்ட பிறகுதான் என் சிஸ்டம் வாரம் ஒருமுறை நீலத் திரை காட்டியது. இருபது வருடமாக ரேம் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் சார்.

பைனரி பையன் | ஞாயிறு காலை 10:30

விடாமல் கேட்கிறேன். ஐடிஇ டிவிடி எல்லாம் யாரோ பத்து வருடம் ஓட்டிய சரக்கு. புத்தம் புது சாட்டா டிவிடி டிரைவ் வாங்கி, ஐடிஇக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்ததே?

கம்பிக்காரர் | ஞாயிறு காலை 11:12

முடியும், வாங்கும்போது கண் விழித்திருந்தால். அந்தக் குட்டி போர்டில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று சாட்டா டிரைவை ஐடிஇ மதர்போர்டில் மாட்ட. இன்னொன்று ஐடிஇ டிரைவை சாட்டா மதர்போர்டில் மாட்ட. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இரண்டு பக்கமும் போகும் ரகமும் உண்டு, அதில் ஜம்பர் மாற்ற வேண்டும். ஹார்டு டிஸ்கோடு ஒழுங்காக ஓடும் கன்வெர்ட்டர் சிலது டிவிடி டிரைவைக் கண்டால் முழிக்கும். மாற்றித் தருவேன் என்று சொல்லும் கடையில் மட்டும் வாங்கு.

சாட்டா டேட்டா கேபிளில் இந்த நாற்பது எண்பது தலைவலி கிடையாது. ஏழு பின், ஒரு கேபிளுக்கு ஒரு டிரைவ், மாஸ்டர் ஸ்லேவ் சண்டை இல்லை, ஒரு மீட்டர் வரை போகலாம். நொடிக்கு 1.5, 3, 6 ஜிகாபிட் என்று மூன்று தலைமுறைக்கும் ஒழுங்காகச் செய்த அதே கேபிள் போதும். "சாட்டா மூன்று ஸ்பெஷல்" என்று கூட இருபது ரூபாய் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடு. பூட்டு மாதிரி ஒரு உலோக கிளிப் இருந்தால் மட்டும் அந்தக் காசு கொடுக்கலாம், கழன்று விழாது.

ஆவடி அம்மு | ஞாயிறு பகல் 12:40

டேட்டா கேபிளையே பேசுகிறீர்கள், பவர் கேபிளை யாரும் தொடவில்லையே. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் பெட்டி) சாட்டா பவர் இருக்காது, நாலு பின்னிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயர் வாங்க வேண்டிவரும். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடிய ரகம் வேண்டவே வேண்டாம். உள்ளே கம்பிகள் எப்படி நெருங்கிக் கிடக்கின்றன என்று வெளியே தெரியாது. 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒன்றையொன்று தொட்டால் பிளக்கே உருகிப் பற்றிக்கொள்ளும், டிரைவோடு போகும். பின்னால் மூடி தனியாகத் தெரிந்து, ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாக நுழைவது கண்ணுக்குத் தெரிகிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய நாலு பின் பவரும் சாது இல்லை. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, நடுவில் இரண்டு கறுப்பு கிரவுண்டு. பிளக்கின் இரண்டு மூலை சீவியிருக்கும், திருப்பி நுழையாது என்பார்கள். நுழையும். நான் நுழைத்திருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் மேசைக்கு அடியில் குனிந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இறுக்கமாக இருக்கிறதே என்று கட்டை விரலால் ஓங்கி அழுத்தினேன். ஸ்விட்ச் போட்டதும் ஒரு சின்ன விசில் சத்தம், அப்புறம் கருகின மீன் வாசனை. 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 போய்விட்டது. ஃபைனல் இயர் புராஜெக்ட் அதில்தான் இருந்தது. இறுக்கமாக இருந்தால் எடுத்து மூலையைப் பாருங்கள், ப்ளீஸ்.

தண்டையார்பேட்டை தாஸ் | ஞாயிறு மாலை 4:15

இழைக்கு நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் பழைய போர்டில் விஐஏ விடி8237 சிப்செட், சாட்டா இடம் இரண்டு இருக்கிறது. கொஞ்சம் புதிய சாட்டா ஹார்டு டிஸ்கை மாட்டினால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரை) தெரியவே இல்லை. மூன்று கேபிள் மாற்றிவிட்டேன்.

உப்புக்காற்று | ஞாயிறு மாலை 4:48

முப்பது கேபிள் மாற்றினாலும் தெரியாது. அந்த சிப்செட் 1.5 மட்டுமே அறியும். 3-ல் பேசும் டிரைவ் வந்தால் இறங்கிவந்து பேச்சை ஒத்துக்கொள்வதில் அதற்குத் தகராறு. டிரைவின் பின்னால் டேட்டா பிளக் பக்கத்தில் சின்ன ஜம்பர் பின்கள் இருக்கிறதா பாருங்கள். பல டிரைவ்களில் ஒரு ஜம்பர் போட்டால் 1.5-க்குக் கட்டுப்படும். எந்த இரண்டு பின் என்பது டிரைவ் மேல் ஒட்டிய தாளிலேயே அச்சாகியிருக்கும்.

முடிச்சூர் வாணி | திங்கள் மாலை 7:20

போய் வந்தேன்! ஆபீஸில் அரை நாள் லீவு. சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். நாலாவது கடையில் ஒரு தாத்தா, பிளாஸ்டிக் வாளி நிறைய கேபிள்களைக் கவிழ்த்துக் கொட்டினார். எண்பது என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக நகம் வைத்துப் பார்த்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு "யார் கத்துக் குடுத்தா?" என்றார். கம்பிக்காரர் அண்ணா, பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள். 80 ரூபாய் சொன்னார், 50-க்குக் கொடுத்தார்.

நீலம் போர்டில், கறுப்பு ஹார்டு டிஸ்கில். சிவப்புக் கோடு பவர் பிளக் பக்கம். டிவிடி தனியாக இரண்டாவது இடத்தில், நாற்பதில், ஜம்பரை மாஸ்டருக்கு மாற்றிவிட்டேன். இந்த முறை பிளக்கை இரண்டு ஓரமும் பிடித்து, ஆட்டி ஆட்டித்தான் கழற்றினேன். பவரைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தேன் அம்மு அக்கா, மூலையையும் பார்த்தேன்.

கறுப்புத் திரையில் அந்த வரி வரவில்லை. ஆனால் எக்ஸ்பி அதே பத்து நிமிடம்! சார் முன்பே சொல்லாமல் இருந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். பிஐஓ இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது என்ன செய்ய?

உப்புக்காற்று | திங்கள் மாலை 7:41

அதே இடத்தில் பிரைமரி ஐடிஇ சேனல் மேல் வலச் சொடுக்கு, அன்இன்ஸ்டால். பயமுறுத்தும், சரி என்று சொல்லுங்கள். டிஸ்கில் எதுவும் அழியாது. ரீஸ்டார்ட் கேட்கும். திரும்ப வரும்போது எக்ஸ்பி சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்து முதலிலிருந்து பேசிப் பார்க்கும். இன்னொரு முறை ரீஸ்டார்ட் கேட்டால் அதையும் கொடுங்கள்.

முடிச்சூர் வாணி | திங்கள் இரவு 8:26

அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5!!!

ஒன்றே முக்கால் நிமிடத்தில் திறந்துவிட்டது. அப்பா கடிகாரம் பார்த்தார். டிவிடி நிற்காமல் ஓடுகிறது. முகூர்த்தம் வரைக்கும் வேகமாக ஓட்டலாம் என்றால் விடவில்லை, பந்தியில் பாட்டி வரும் இடத்தை மூன்று முறை போடச் சொன்னார். இப்போது காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். பழைய சிடி டிரைவின் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு ஒயர் போர்டில் ஆடியோ என்று எழுதிய இடத்துக்குப் போனது. நாலு ஓட்டை பிளக். அதை மாட்டவே மறந்துவிட்டேன், ஆனால் பாட்டு சிடி போட்டால் சத்தம் வருகிறது. எப்படி?

கம்பிக்காரர் | திங்கள் இரவு 8:40

அந்தக் காலத்தில் சிடி டிரைவே பாட்டைப் பிரித்து அந்த ஒயர் வழியாக சவுண்டு கார்டுக்கு அனுப்பும். விண்டோஸ் 98 ஆட்களுக்கு அது இல்லாமல் பாட்டு கேட்காது. எக்ஸ்பி பாட்டையும் டேட்டாவாகவே அந்தப் பட்டை கேபிள் வழியாக எடுத்துக்கொள்கிறது. மாட்ட வேண்டாம், ஃபேனில் சிக்காமல் கழற்றி எடுத்துவிடு. பழைய கிழிந்த எண்பதை மட்டும் கத்தரித்துக் குப்பையில் போடு. பத்திரமாக எடுத்து வைத்தால் அடுத்த வருடம் அதையே மாட்டுவாய்.

முடிச்சூர் வாணி | திங்கள் இரவு 8:52

அப்பா ஏற்கெனவே அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு பரண் பெட்டியில் வைத்துவிட்டார் அண்ணா. மேலே "நல்ல கேபிள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அவர் தூங்கினதும் எடுக்கிறேன்.